சிறு காருக்கு 97 தேவையா?

(டெங்கில் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகளிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோட்டங்களுக்கு நாம் செல்லும்போது நம்மிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் வீடு, கூலி, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைப் பற்றியனவாகவே இருக்கும். இப்பொழுது அவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "ஐயா, எங்களுடையது சிறிய கார்தான். மஞ்சள் குழாயில் ஊற்றுவதைக் காட்டிலும் பச்சைக் குழாயில் ஊற்றினால் இயந்திரம் நீண்ட நாள் உழைக்கும், எண்ணெயும் மிச்சப்படும் என்கிறார்களே, அது மெய்தானா?" என்பதே அக்கேள்வி. கேட்கிறவர்கள் பலராதலால் அதற்கு விரிவாகவே விடை கூற விழைகிறோம்.

இது வசதி படைத்தோருக்கான கேள்வி, தோட்டப் பாட்டாளிக்கு இதில் என்ன என்று சிலர் எண்ணக்கூடும். இவ்வட்டாரத்தின் கதையை அறிந்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். லங்காட் ஆற்றையொட்டிய இந்த டெங்கிலைச் சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர்க் காடுகளே சூழ்ந்திருந்தன. முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் 1921-ஆம் ஆண்டில் தொடங்கியது பெராங் பெசார் தோட்டம். 'பெரும் போர்' என்பதுதான் அப்பெயரின் பொருள். அந்தத் தோட்டமும் அதனையடுத்திருந்த செட்ஜிலி, காலவே, மெடிங்லி தோட்டங்களும் இன்று புத்ராஜெயா மாநகரமாக மாறிவிட்டன. 1995 முதல் அங்கே கட்டுமானப் பணிகள் நடைபெற்றபோது, தோட்டக் குடும்பங்கள் பல இங்குள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. முன்பு லயத்து வாசலிலிருந்து பால்மரத்துக்கு நடந்தே போனவர்களின் பிள்ளைகள், இன்று புத்ராஜெயாவுக்கும் சைபர்ஜெயாவுக்கும் சிப்பாங் விமான நிலையத்துக்கும் வேலைக்குப் போகிறார்கள். பேருந்துக்காகக் காத்திருந்து குறித்த நேரத்தில் போய்ச் சேர இயலாதவர்களுக்குச் சிறிய கார் ஓர் ஆடம்பரமன்று. உளியையும் மங்கையும் போல் அதுவும் ஒரு தொழிற்கருவி. ரப்பர்த் தோட்டங்களில் இன்னமும் வாழும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

இனிக் கேள்விக்கு வருவோம். எண்ணெய் நிலையத்தில் 95 என்றும் 97 என்றும் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அவற்றுக்கு முன்னே 'ரோன்' என்ற சொல் இருக்கும். பெரும்பாலோர் இதனை மதிப்பெண்ணாகக் கருதிவிடுகின்றனர். 95 வாங்கிய மாணவனைக் காட்டிலும் 97 வாங்கிய மாணவன் சிறந்தவன் அல்லவா? ஆகவே 97 என்னும் எண்ணெயில் சத்து மிகுதி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எண்களைக் கண்டு இவ்வாறு முடிவு செய்வது தகாது என்பதைப் பால்மரம் வெட்டும் உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் கன்று வகை பல்லாண்டுகள் நாடெங்கும் விரும்பி நடப்பட்டது. 605 என்றும் 623 என்றும் வகைகள் இருக்கின்றன. எண் பெரியது என்ற காரணத்தால் அவை 600-ஐ விஞ்சிவிடவில்லை. பி.பி. 260 என்று நீங்கள் அழைக்கும் கன்றின் 'பி.பி.' என்னும் எழுத்துகள் நாம் மேலே குறிப்பிட்ட பெராங் பெசார் தோட்டத்தின் பெயரேயாகும். தோட்டம் மறைந்தாலும் அதன் பெயர் மரங்களில் நிலைத்துவிட்டது. அங்கெல்லாம் எண் என்பது வெறும் அடையாளம். பெட்ரோலின் எண் வெறும் அடையாளமன்று. அது ஒன்றை அளந்தே சொல்கிறது. ஆனால் அது அளப்பது சத்தையன்று.

அப்படியானால் எதனை அளக்கிறது? இதற்கும் உங்கள் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவோம்.

பால் எடுக்கும் தோட்டங்களில் பாலைப் பற்றி இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று, அப்பாலில் ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்பது. மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். மற்றொன்று, பால் ஆலைக்குப் போய்ச் சேருமுன்னரே வாளியில் உறைந்துவிடுமோ என்பது. இதனைத் தடுக்கத்தான் சிறிதளவு அமோனியா சேர்க்கிறோம். அமோனியா சேர்ப்பதால் பாலில் உள்ள ரப்பர் ஒரு துளியேனும் கூடுகிறதா? இல்லை. பால் உரிய நேரத்துக்கு முன் உறையாமல் அது காக்கிறது, அவ்வளவே. குறித்த நேரத்தில் ஆலைக்குச் சென்றுவிடும் பாலில் மேலும் மேலும் அமோனியாவைக் கொட்டினால் ஆதாயம் ஒன்றுமில்லை. பிறகு அப்பாலை உறையவைக்கத் திராவகந்தான் கூடுதலாகச் செலவாகும்.

ஆக்டேன் எண் என்பது இந்த அமோனியாவைப் போன்றது. மெட்ரோலாக் காட்டும் அளவைப் போன்றதன்று. பெட்ரோல் உரிய நேரத்துக்கு முன் தானாகவே பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை மட்டுமே அந்த எண் உணர்த்துகிறது. ஒரு லிட்டர் 95-லும் ஒரு லிட்டர் 97-லும் அடங்கியிருக்கும் வெப்ப ஆற்றல் ஏறக்குறைய ஒன்றே.

பெட்ரோல் எங்கே, எப்படித் தானாகப் பற்றிக்கொள்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். காரின் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து நுழைகின்றன. பிஸ்டன் மேலெழும்பி அக்கலவையைச் சிறிய இடத்துக்குள் அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடேறுவதை நீங்கள் அறிவீர்கள். அதுபோலவே அழுத்தப்பட்ட கலவையும் சூடேறுகிறது. அந்நேரத்தில் பிளக் பொறியைத் தட்டிவிட, தீ ஓரிடத்தில் பிறந்து சீராகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இதுவே முறையான எரிதல். ஆனால் தீ போய்ச் சேருமுன்பே, மூலையில் எஞ்சியிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாளாமல் ஒரே வெடிப்பாகத் தானே பற்றிக்கொண்டால், சிலிண்டரின் சுவரில் சம்மட்டியால் அடித்ததுபோல் ஓர் அதிர்ச்சி தாக்கும். தகரக் குவளையில் குறுங்கற்களைப் போட்டுக் குலுக்கினாற்போன்ற ஓசை வெளியே கேட்கும். பட்டறையில் இதனை 'நாக்கிங்' என்பார்கள். இது தொடர்ந்து நிகழ்ந்தால் பிஸ்டன் பழுதாகிவிடும்.

இந்த நாக்கிங்கை அடக்குவதற்காகத்தான் ஆக்டேன் அளவுகோலே பிறந்தது. 1926-ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியலாளர் கிரகாம் எட்கர் என்பவர் இரண்டு தூய திரவங்களை அளவுகோலின் இரு முனைகளாக வைத்தார். எளிதில் நாக்கிங் செய்யாத ஐசோ ஆக்டேனுக்கு 100. சட்டெனப் பற்றிக்கொண்டு தட்டும் ஹெப்டேனுக்கு 0. அக்காலத்தில் தூய ஹெப்டேன் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? கலிபோர்னியாவில் வளரும் ஜெப்ரி பைன் என்னும் மரத்தின் பிசினிலிருந்து. அங்கேயும் மரத்தில் வடிந்ததை எடுத்துத்தான் பெட்ரோலை அளந்திருக்கிறார்கள் என்றால் பால்வெட்டும் கைகளுக்கு அது சற்று மகிழ்ச்சி தரும் செய்தி அல்லவா!

95 என்று எழுதியிருப்பதால் அந்தப் பெட்ரோலில் நூற்றுக்கு 95 பங்கு ஆக்டேன் இருக்கிறது என்பது பொருளன்று. அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல ஒற்றைச் சிலிண்டர் சோதனை இயந்திரத்தில், குறித்த வேகத்தில் அதனை எரித்துப் பார்க்கிறார்கள். 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த அளவுக்கு நாக்கிங்கைத் தாங்குகிறதோ, அதே அளவுக்கு இந்தப் பெட்ரோலும் தாங்குகிறது என்பதே பொருள்.

எண்ணை உயர்த்துவதற்காக உலகம் ஒரு பெரிய விலையையும் கொடுத்திருக்கிறது. 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் கலந்த ஒரு பொருளைச் சேர்த்தால் நாக்கிங் அடங்குவதைக் கண்டார். அது மலிவாகக் கிடைத்தது, உலகெங்கும் பரவியது. ஈயப் புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சென்பதை ஒப்புக்கொண்டு அதனை நீக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடாகிய அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021-இல்தான். நம் நாட்டு நிலையங்களிலிருந்து அது முன்னரே விடைபெற்றுவிட்டது.

ஆகவே கேள்வியை இவ்வாறு கேட்பதே முறை: என் காரின் இயந்திரம் கலவையை எவ்வளவு அழுத்துகிறது? அந்த அழுத்தத்தை 95 தாங்குமா? தாங்கும் என்றால் 97-க்கு அங்கே செய்வதற்கு வேலையே இல்லை. வேலையில்லாத இடத்தில் ஆளைப் பெருக்கிக் கூலி கொடுப்பதற்கு ஒப்பானதே அது.

நம் மக்கள் பெரும்பாலும் ஓட்டும் சிறு கார்களை எடுத்துக்கொள்வோம். 1994-இல் பெரோடுவா நிறுவனம் வெளியிட்ட முதல் கார் கஞ்சில். சருகுமானின் மலாய்ப் பெயர் அது. உருவத்துக்குப் பொருத்தமான பெயரே. 660 சி.சி. அளவிலான சின்னஞ்சிறு இயந்திரத்தோடு பிறந்த அந்தக் கார், எத்தனையோ தோட்டக் குடும்பங்களின் முதற்காராக விளங்கியது. அது ஓடத் தொடங்கிய காலத்தில் நிலையங்களில் 92-உம் 97-உமே விற்கப்பட்டன. 92-லேயே அக்கார்கள் ஆயிரமாயிரம் மைல் ஓடித் தீர்த்தன. 2009-ஆம் ஆண்டில் 92 மறைந்து அதன் இடத்துக்கு 95 வந்தது. கஞ்சிலின் உற்பத்தியும் அதே ஆண்டில்தான் நின்றது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கஞ்சிலுக்கு 95 என்பதே முன்னைவிட ஒரு படி உயர்ந்த பெட்ரோல்தான். அதற்கும் மேலே 97-ஐ ஊற்றுவது, சிறு பிள்ளைக்குத் தகப்பன் சட்டையை மாட்டிவிடுவதைப் போன்றது.

பின்னர் வந்த கார்களின் நிலை என்ன? 2005-இல் மைவியும் 2014-இல் அக்சியாவும் வெளிவந்தன. அக்சியாவின் பிந்திய 998 சி.சி. இயந்திரங்களில் அழுத்த விகிதம் பதினொன்றையும் தாண்டுகிறது. பழைய கார்களோடு ஒப்பிட்டால் இது உயர்ந்த அழுத்தமே. "ஆகையால் 97 தேவை" என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் பொறியியலாளர்கள் அந்த இயந்திரத்தை வடிவமைத்தபோதே 95-ஐ மனத்திற்கொண்டுதான் எரி அறையின் அமைப்பையும், பெட்ரோல் தெளிக்கும் முறையையும், பொறி தட்டும் நேரத்தையும் வகுத்திருக்கிறார்கள். காரோடு வந்த கையேட்டிலோ, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடிக்கு அருகிலோ எந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறது என்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். தாத்தாவுக்குக் கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணே நீங்கள் கேட்கும் கேள்விக்கு விடை.

97 தேவைப்படும் கார்கள் இல்லாமலில்லை. விரைவோட்டத்துக்கென்று செய்யப்பட்ட விலையுயர்ந்த கார்கள் சிலவற்றின் மூடியில் 97 என்றோ அதற்கு மேலாகவோ குறிக்கப்பட்டிருக்கும். அவற்றில் 95-ஐ ஊற்றினால், நாக்கிங்கை உணரும் கருவி பொறி தட்டும் நேரத்தைப் பின்தள்ளிவிடும். காரின் வேகம் சற்றுக் குன்றும், எண்ணெய்யும் கூடுதலாகும். அவர்களுக்கு 97 பயனுடையதே. அவர்கள் சொல்வதைக் கேட்டு நாமும் நம்புவதால்தான் குழப்பம் நேர்கிறது. மருந்து உண்மையானதுதான், நோய்தான் நமக்கில்லை.

நாம் இவ்வளவு நீட்டிப் பேசுவதற்குக் காரணம் பணம். 2009 செப்டம்பர் முதல் நாளன்று 95-இன் விலை லிட்டருக்கு 1 வெள்ளி 80 காசு, 97-இன் விலை 2 வெள்ளி 5 காசு என்று அமைந்தது. வேறுபாடு 25 காசு. அந்நாளில் ஒருவர் ஆசைக்காக 97 ஊற்றினாலும் இழப்பு சிறிதாகவே இருந்தது. 2010-ஆம் ஆண்டு ஜூலையில் 97-க்கு அளிக்கப்பட்டு வந்த உதவித்தொகை நின்றுவிட்டது. அது உலகச் சந்தை விலையோடு ஏறவும் இறங்கவும் தொடங்கியது. 2025 செப்டம்பர் 30-ஆம் நாள் 'பூடி 95' திட்டம் அனைவருக்குமாக நடைமுறைக்கு வந்தபோது, ஓட்டுநர் உரிமம் உள்ள மலேசியக் குடிமக்களுக்கு 95-இன் விலை 1 வெள்ளி 99 காசு என்றும், திங்களுக்கு 300 லிட்டர் வரை என்றும் அறிவிக்கப்பட்டது. அச்சலுகை இல்லாதோருக்கு அதே 95 லிட்டர் 2 வெள்ளி 60 காசு. அந்நேரத்தில் 97-இன் விலையோ 3 வெள்ளிக்கும் மேல். சலுகை 95-க்கு மட்டுமே உரியது. பச்சைக் குழாயைத் தொட்ட மாத்திரத்தில் அதனை நாமே வேண்டாமென்று தள்ளிவிடுகிறோம்.

கணக்கைக் கரும்பலகையில் போடுவதுபோல் போட்டுப் பார்ப்போம். ஒரு தொழிலாளர் வேலைக்கும் கடைத்தெருவுக்கும் கோயிலுக்குமாகத் திங்களுக்கு 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சிறு கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடட்டும். ஏறத்தாழ 56 லிட்டர் வேண்டும். பூடி 95 தொடங்கியபோதிருந்த விலையில் 95 ஊற்றினால் செலவு 111 வெள்ளி. 97-ஐ லிட்டர் 3 வெள்ளி என்று குறைத்தே மதித்தாலும் செலவு 167 வெள்ளி. திங்களுக்கு 56 வெள்ளி, ஆண்டுக்கு 670 வெள்ளிக்கு மேல் கூடுதல். 2025-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. திங்களுக்கு 26 நாள் வேலை என்று பிரித்தால் ஒரு நாளைக்குச் சுமார் 65 வெள்ளி. அப்படியானால் ஒவ்வொரு திங்களும் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும், விடியுமுன் எழுந்து பிரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக ஏறி இறங்கி உழைத்த கூலியை, இயந்திரம் கேட்காத ஒரு பொருளுக்காக நிலையத்தில் கொடுத்துவிட்டு வருகிறோம்!

"எண்ணெய் மிச்சப்படுமே, அதனால் கூடுதல் விலை திரும்பக் கிடைத்துவிடாதா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. மேற்சொன்ன விலைகளில் செலவு சமமாக வேண்டுமானால், 95-இல் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடிய கார் 97-இல் 27 கிலோமீட்டர் ஓடவேண்டும். சலுகையின்றி 2 வெள்ளி 60 காசு கொடுப்பவருக்குக்கூட அது 18-லிருந்து 21-க்கு அருகே உயர்ந்தாகவேண்டும். 95-க்கென்று செய்யப்பட்ட எந்தச் சிறு காரும் பெட்ரோலை மாற்றியதனால் மட்டும் இவ்வாறு பாய்ந்துவிடாது. கடும் வெயிலில், ஐவர் ஏறிய காரில், கெந்திங் மலைப்பாதையில் ஏறும்போது சில இயந்திரங்கள் சிறிதளவு இலகுவாக இழுக்கலாம். அந்தச் சிறிதளவு எங்கே, 9 கிலோமீட்டர் எங்கே?

அமெரிக்காவில் மோட்டார் ஓட்டுநர்களின் பெருஞ்சங்கமான ஏ.ஏ.ஏ. 2016-ஆம் ஆண்டில் இதனைச் சோதித்துப் பார்த்தது. சாதாரணப் பெட்ரோலில் ஓடுமாறு செய்யப்பட்ட எட்டுச் சிலிண்டர், ஆறு சிலிண்டர், நான்கு சிலிண்டர் கார்களில் இரண்டு வகைப் பெட்ரோலையும் மாற்றி மாற்றி ஊற்றி, ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல் ஓட்டினர். குதிரைத்திறனிலோ, எண்ணெய்ச் செலவிலோ, புகையிலோ குறிப்பிடத்தக்க நன்மை ஏதும் தென்படவில்லை என்பதே முடிவு.

அமெரிக்காவை நம்பவேண்டாம், நம்மையும் நம்பவேண்டாம். நீங்களே சோதிக்கலாம். ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கு, செய்து பார்த்ததே மனத்தில் நிற்கும் என்பதில் உறுதியான நம்பிக்கை உண்டு! ஒரே நிலையத்தில், ஒரே பம்பில், குழாய் தானாக நிற்கும்வரை தொட்டியை நிரப்புங்கள். அதற்குமேல் அழுத்தி ஊற்றவேண்டாம். காரின் பயண அளவியைச் சுழியமாக்குங்கள். வழக்கம்போல் ஓட்டுங்கள். தொட்டி கால்பங்குக்கு வந்ததும் அதே பம்புக்குச் சென்று மீண்டும் அதேபோல் நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்பொழுது ஊற்றிய லிட்டரால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். ஒருமுறை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மழை, நெரிசல், உறவினரை ஏற்றிக்கொண்டு பத்துமலைக்குச் சென்றது ஆகியவையெல்லாம் கணக்கை மாற்றும். ஆகவே 95-இல் மூன்று தொட்டி, 97-இல் மூன்று தொட்டி என்று குறித்துவாருங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து இப்பொறுப்பை ஒப்படைத்தால் அவனுக்கும் வகுத்தல் கணக்கு வந்துவிடும்.

இவ்வாறு அளந்து பாராமல், "ஊற்றியதும் கார் பறக்கிறது" என்று சொல்வோர் பலர். அவர்கள் பொய் சொல்வதாக நாம் கருதவில்லை. கூடுதலாகப் பணம் கொடுத்தவன் காலும் காதும் அன்று கூர்மையாகிவிடுகின்றன. புதுச் செருப்பு அணிந்த நாளில் நடையே வேறுபடுவதில்லையா?

97 தூய்மையானது, இயந்திரத்தின் உட்புறத்தைக் கழுவிவிடும் என்ற கருத்தையும் கேட்கிறோம். இதில் ஓரளவு உண்மை முன்பு இருந்தது. கந்தகத்தின் அளவைக் குறைத்து 'யூரோ 4எம்' என்னும் தரத்துக்கு 97 மாற்றப்பட்டது 2015 செப்டம்பரில். 95 அத்தரத்தை எட்டியது 2020 ஜனவரியில்தான். இடைப்பட்ட அந்த நான்காண்டு காலத்தில், 97-இல் கந்தகம் குறைவு என்று ஒருவர் சொன்னால் அது சரியே. 2020-இல் அந்த வேறுபாடு மறைந்தது. அழுக்கை அகற்றும் மருந்துப் பொருள்களை எண்ணெய் நிறுவனங்கள் 95-லும் சேர்க்கின்றன. சில நிறுவனங்கள் விலையுயர்ந்த பெட்ரோலில் அவற்றைச் சற்று மிகுதியாகச் சேர்க்கலாம். அது அந்த மருந்தின் நன்மையேயன்றி ஆக்டேன் எண்ணின் நன்மையன்று.

இனி, பழைய கார் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. மேட்டில் ஏறும்போது உங்கள் காரில் கல் குலுங்கும் ஓசை கேட்டால் அதனைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கணக்கில் எரிந்த கரி பிஸ்டனின் தலையில் படிந்து இடத்தைக் குறுக்குவதால் அழுத்தம் கூடியிருக்கலாம். குளிர்நீர் குறைந்து இயந்திரம் சூடேறியிருக்கலாம். தவறான பிளக் மாட்டப்பட்டிருக்கலாம். கஞ்சில் போன்ற பழைய கார்பரேட்டர் கார்களில் பொறி தட்டும் நேரத்தைக் கையால் திருப்பித்தான் அமைக்கிறார்கள். அது முன்தள்ளிப் போயிருக்கலாம். புதிய கார்களில் உள்ளதுபோல் தானே உணர்ந்து திருத்திக்கொள்ளும் கருவி அவற்றில் இல்லை. அத்தகைய காரில் ஒரு தொட்டி 97 ஊற்றிப் பார்ப்பதில் பொருளுண்டு. ஓசை நின்றுவிட்டால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. உடனே பட்டறைக்குச் சென்று போர்மனிடம் அதனைச் சொல்லிக் கோளாற்றைச் சரிசெய்துகொள்ளவேண்டும். அவ்வாறு செய்யாமல் 97-ஐயே நிரந்தரமாக ஊற்றிக்கொண்டிருப்பது, ஒழுகும் கூரையின் கீழ் ஆயுள் முழுதும் வாளி வைப்பதாகும்.

திங்களுக்கு 56 வெள்ளியை மிச்சப்படுத்தியவர் அதனை என்ன செய்யலாம் என்றும் கேட்பீர்கள். அது உங்கள் உரிமை. நாம் அதில் தலையிடமாட்டோம். ஆனால் காருக்கே செலவிட விரும்பினால், உரிய காலத்தில் இயந்திர எண்ணெய்யை மாற்றுங்கள். காற்று வடிகட்டியைப் புதுப்பியுங்கள். செம்மண் பாதையில் ஓடும் தோட்டத்துக் கார்களில் இவ்வடிகட்டி நகரத்துக் கார்களைவிட விரைவில் அடைத்துக்கொள்ளும். டயருக்குக் காற்று அடிப்பதற்குக் காசே வேண்டியதில்லை. காற்றுக் குறைந்த டயர் குடிக்கும் பெட்ரோலை எந்த ஆக்டேனும் ஈடுசெய்யாது. இயந்திரத்தின் ஆயுளைப் பெருக்கும் என்று கூறி விற்கப்படும் மாத்திரைகளையும், பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தங்களையும் வாங்கி வருவோரைக் காணும்போதுதான் நமக்கு மெய்யாகவே மனம் நோகிறது.

உரைக்குப் பின்னர் எழுந்த கேள்விகளில் இரண்டை இங்கே தருகிறோம்.

முதற்கேள்வி ஓர் அம்மையாருடையது. "என் மகன் போனஸ் வந்த திங்களில் மட்டும் 97 ஊற்றுகிறான். மாற்றி மாற்றி ஊற்றினால் இயந்திரம் கெட்டுவிடுமா?" என்று வினவினார். கெடாது. தொட்டியில் பாதி 95 இருக்க, மீதியை 97 கொண்டு நிரப்பினால் ஏறத்தாழ 96 கிடைக்கும், அவ்வளவுதான். இயந்திரத்துக்குத் தீங்கில்லை. போனஸ் பணத்துக்குத்தான் தீங்கு என்று நாம் கூறியபோது, அம்மகனும் அவையிலேயே இருந்தது சிரிப்பொலியால் தெரிந்தது.

இரண்டாவதாக, பணி ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் எழுந்து, மூடியில் உள்ள எழுத்து அழிந்துவிட்ட பழைய காருக்கு என்ன வழி என்று கேட்டார். அந்தக் காரை விற்ற நிறுவனத்தின் பழுதுபார்க்கும் நிலையத்தில் பதிவு அட்டையைக் காட்டினால் சொல்லிவிடுவார்கள். அங்கே செல்லுமுன், காரின் கையுறைப் பெட்டியைத் துழாவிப் பார்ப்பது நல்லது. பழைய கார்களின் கையேடு பெரும்பாலும் அங்கேதான், சாலை வரி ரசீதுகளுக்கும் கோயில் திருநீற்றுப் பொட்டலங்களுக்கும் அடியில், ஒருவரும் பிரிக்காமல் கிடக்கும்.